கீழ் வட்டைப் பெயர்கள்

கமநல சேவை நிலையங்களுக்குப் புதிதாக நியமனம் கிடைத்துப் போகிற எல்லாருக்கும் முதலில் வாழ்த்து. ‘சீனியர்ஸ் ஆராவது அனுபவம் எழுதுங்கோ’ என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். மற்ற சீனியர்கள் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு மறைந்துவிட்டார்கள். நான் எழுதுகிறேன். எனக்கு இனிப் பதவி உயர்வும் இல்லை, தண்டனை இடமாற்றமும் இல்லை. முப்பது வயது கழிந்த கையோடு ராஜினாமாக் கொடுத்துவிட்டு இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறேன். நரைக்காமலே ஓய்வுபெற்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியில் எந்த பட்டனை அழுத்துவது, எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி என்பதெல்லாம் இதில் வராது. அதற்குப் பயிற்சி தருவார்கள். தேநீரும் ரோல்ஸும்கூடத் தருவார்கள். பயிற்சியில் ஒரு கேள்வியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள். உரப் பசளை மானியம் யாருக்குப் போக வேண்டும்? விதைக்கிற ஆளுக்கு. முடிந்தது, அடுத்த ஸ்லைட். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வேன். அந்தச் சரியான பதிலால் ஒரு ஊருக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

நான் இருந்த நிலையம் கிண்ணியாப் பாலம் தாண்டி உள்ளே. ஊர்ப் பெயரும் குளத்தின் பெயரும் வேண்டாம். அந்த ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பாலையூற்றில் இருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். பட்டம் முடித்த சூடு ஆறவில்லை. எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு. நிலையத்துக்குப் பொறுப்பானவரை நாங்கள் பெரியவர் என்போம். அவர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வசனம், “பிள்ளை, ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டுக் கதையுங்கோ, வெருளுது.”

முதல் கோடைச் சிறுபோகத்தில் வயல் பார்க்கப் போனேன். தர்மலிங்கம் என்பவரின் காணி என்று என் கையில் இருந்த காணிப் பதிவு இடாப்பு சொன்னது. அதில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பெண் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“இது ஆற்ற காணி?” என்று கேட்டேன்.

“தர்மண்ணன்ட.”

“அப்ப நீங்கள் குத்தகைக்கோ?”

“இல்ல மகள்.”

“கூலிக்கோ?”

“கூலிக்கெண்டா இந்த வெயிலுக்கு நான் வருவனா? இது என்ட வேளாண்மை.”

“காணி அவற்ற, வேளாண்மை உங்கட. குத்தகையும் இல்லை. அப்ப என்னதான் இது?”

“தண்ணிப் பங்கு,” என்றுவிட்டு அவர் சிரித்தார். “ஒனக்கு இதெல்லாம் கெம்பஸ்ல சொல்லித் தரல்லயா?”

அவர் பெயர் பரீதா. ஊரில் சின்னவர்கள் எல்லாரும் பரீதா ராத்தா, அதாவது பரீதா அக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அன்றிலிருந்து அப்படியே கூப்பிட்டேன். வரம்பில் இருந்து அவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். கவனமாக வாசியுங்கள், மிச்சக் கதை எல்லாம் இதில்தான் நிற்கிறது.

அந்தக் குளத்தின் கீழ் இரண்டு வயல்வெளிகள். அங்கே வயல்வெளியை வட்டை என்பார்கள். மேல் வட்டை குளக்கட்டுக்குக் கிட்ட. கீழ் வட்டை வாய்க்காலின் கடைசியில். மழை காலத்துப் பெரும்போகத்தில் பிரச்சினை இல்லை, எல்லாரும் தங்கள் தங்கள் வயலில் விதைப்பார்கள். கோடையில் குளம் வற்றினால், இருக்கிற தண்ணீர் மேல் வட்டையோடு நின்றுவிடும். அப்படியான வருஷங்களில் ஊர் கூடும். மேல் வட்டை வயல்களை அந்தச் சிறுபோகத்துக்கு மட்டும் எல்லாருக்குமாகப் பங்கு பிரிப்பார்கள். மேல் வட்டைக்காரர் தன் சொந்தக் காணியில் ஒரு பகுதியைத் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழ் வட்டைக்காரர் ஒருவருக்கு விடுவார். வாடகை கிடையாது. எழுத்து கிடையாது. வரம்பில் ஒரு கம்பை நடுவார்கள். நெல் வெட்டு முடிந்ததும் கம்பைப் பிடுங்கி அடுப்புக்குள் வைப்பார்கள்.

“அவங்கள் ஏன் சும்மா விடுறாங்கள்?” என்று கேட்டேன்.

“சும்மாவா? குளக்கட்டு ஒடைஞ்சா மண் சுமக்கிறது ஆரு? வாய்க்கால் வெட்டுறது ஆரு? தண்ணி எல்லாருக்கும் சொந்தம். நெலம்தான் அவங்கட.”

மேல் வட்டையில் கூடுதலாகத் தமிழ் ஆட்கள், கீழ் வட்டையில் கூடுதலாக முஸ்லிம் ஆட்கள். சண்டைக் காலத்தில் ஒரு பக்கத்தார் மறுபக்கம் கால் வைக்காத வருஷங்கள் இருந்தன. அப்போதும், இரண்டு பக்கத்தாலும் ஒவ்வொருவர் வந்து கம்பை நட்டுவிட்டு முகம் பார்க்காமல் திரும்பிப் போவார்களாம். பரீதா ராத்தாவின் புருஷன் அப்படிப் போய் வந்தவர். இப்போது பாரிசவாதம் வந்து கட்டிலில் கிடக்கிறார். கோடை வருஷத்தில் அந்த வீட்டுக்குச் சோறு அந்தக் கம்புக்கு இந்தப் பக்கம் விளைவதுதான். வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் மானியம் காணிக்காரரின் பெயருக்குத்தான் போகும். தர்மலிங்கம் முழுக் காணிக்கும் எடுத்து, பசளையாக வாங்கி, ராத்தாவின் பங்கை அவர் கையில் கொடுப்பார். பெரும்பாலும் கொடுப்பார். ஒரு முறை பிந்திவிட்டது. மகளின் கலியாணச் செலவு என்றார். ராத்தாவின் பயிர் மஞ்சளடித்து, கதிர் பாதி பதராகப் போனது. இதை ராத்தா என்னிடம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. வெயில் கூட என்று சொல்வதைப்போலச் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

“ராத்தா, அது அவர் தாற பிச்சை இல்லை. உங்கட உரிமை,” என்றேன்.

“உரிமைய வச்சி கஞ்சி காச்சேலாது மகள்,” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பறிவில்லாத பயம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கோடையில் சுற்றறிக்கை வந்தது. இனி மானியம் உண்மையாக விதைக்கிறவரின் வங்கிக் கணக்குக்கே நேரே போகும். உத்தியோகத்தர் வயலுக்குப் போய், விதைத்தவரை அவர் விதைத்த இடத்தில் நிறுத்திப் போனில் படம் எடுக்க வேண்டும். எந்த இடம் என்பதைப் போனே பதிந்துகொள்ளும். பெயர், அடையாள அட்டை, காணித் துண்டு. எனக்குக் கொண்டாட்டம். இதைத்தானே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்!

பெரியவர் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பு போயிருந்தார். நிலையத்தில் நான்தான் எல்லாம். மேல் வட்டையில் பங்கு பிரித்த துண்டுகள் முழுவதற்கும் போய்க் கீழ் வட்டைக்காரர்களைப் படம் எடுத்தேன். ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? சுற்றறிக்கை இருக்கிறது.

பரீதா ராத்தாவின் தம்பி நஸீர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கும் கீழ் வட்டையில் வயல், மேல் வட்டையில் பங்கு. முதல் ஆளாகச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ராத்தா தயங்கினார்.

“தர்மண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாட்டியும் சட்டம் சட்டம்தான் ராத்தா. கொஞ்சம் இஞ்சால நில்லுங்கோ. வெயில் முகத்தில விழட்டும்.”

அவர் முக்காட்டைச் சரிசெய்தார். கையில் இருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்தார். “சிரிக்கணுமா மகள்?”

“சிரியுங்கோ, சிரியுங்கோ. காசு வரப்போகுது.”

சிரித்தார். நல்ல படம். முன்பல் ஒன்று இல்லாதது தெரியும்.

பதிவு மூடுகிற கடைசி நாள் வந்தது. அன்று பின்னேரம் வேலை முடிகிற நேரத்தோடு செயலியும் மூடிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறேன், வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கிற சத்தம். தர்மலிங்கம் முன்னால், மேல் வட்டைக்காரர் நாலைந்து பேர் பின்னால். தர்மலிங்கம் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“மிஸ், எங்கட காணியளில வேற ஆக்களின்ர பேர் ஏறுது எண்டு கேள்விப்பட்டம். உண்மையோ?”

“ஓம் அண்ணை. விதைச்ச ஆக்களின்ர பேர். பசளை மானியத்துக்கு மட்டும்.”

“மட்டும் எண்டு எதில எழுதியிருக்கு?”

சுற்றறிக்கையை எடுத்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை.

“அண்ணை, இது காணி உறுதி இல்லை. ஒரு போகத்துப் பதிவு, அவ்வளவுதான்.”

“பிள்ளை,” மிஸ் என்பதை விட்டுவிட்டார், “நான் முகாமில இருந்து திரும்பி வந்தனான். வந்து பாத்தா என்ர வீட்டு வளவில வேற ஆள். அந்த ஆளை எழுப்ப வழக்குப் போட்டு, கோட்டுக்கு நடந்தே என்ர தலை வெளுத்தது. அவையிட்ட இருந்தது என்ன? இப்பிடி ஒரு போகத்துப் பதிவுத் துண்டு. அரசாங்கம் குடுத்தது, அவையின்ர பேரில. அதை வச்சு எத்தினை வருசம் என்னை அலைய விட்டவை. கமநல இடாப்பில பேர் ஏறின ஆளை எழுப்பேலாது எண்டு இஞ்ச சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

“அப்ப அவையள் சும்மா விதைக்கலாம், மானியம் மட்டும் உங்களுக்கோ?”

“எனக்கு வேண்டாம்! பசளையாவே அவையின்ர கையில குடுக்கிறன். போன முறை பிந்தினது பிழைதான், அதைப் பரீதாவிட்ட மன்னிப்பும் கேட்டனான். பேரை மட்டும் எடுங்கோ.”

நஸீரின் ஆட்டோ வந்து நின்றது. கீழ் வட்டைக்காரர் ஒரு கூட்டம். நஸீர் உள்ளே வந்த வேகத்தில் வெடித்தார்.

“எடுக்கப்படாது மிஸ்! ஒருத்தர்ர பேரும் எடுக்கப்படாது. எத்தினை வருசம் இவங்கட கையப் பாத்துட்டு நிக்கிறது? கம்பு நடுறது இவங்கட தயவாம். பேர் ஏறினா அது நம்மட உரிமை.”

தர்மலிங்கம் என்னைத்தான் பார்த்தார், நஸீரை இல்லை.

“கேட்டீங்களோ பிள்ளை? நீங்கள் பசளைக்கு மட்டும் எண்டீங்கள். இவன் உரிமை எண்டுறான்.”

அந்தச் சொல்லை அந்த வட்டைக்குள் கொண்டுபோய் வைத்தது யார் என்பது நஸீருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர்கள் வெளியே போய் வாய்த்தர்க்கத்தைத் தொடர்ந்தார்கள். நான் பெரியவருக்குப் போன் எடுத்தேன்.

“சேர், இப்ப நான் என்ன செய்யிறது?”

“எனக்குக் கண் கட்டியிருக்கு பிள்ளை.”

“கண் இல்லை சேர், முடிவு கேக்கிறன்.”

“நான் அங்க இருந்திருந்தா இந்தப் போனையே எடுத்திருக்க மாட்டன்,” என்றார். “செயலி மூடுமட்டும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்.”

“அப்ப ஒருத்தருக்கும் மானியம் போகாதே!”

“ஓம். எல்லாரும் சேர்ந்து எனக்குத்தான் ஏசுவினம். அவையளுக்குள்ள ஏசமாட்டினம்.”

அப்போது அதைக் கோழைத்தனம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் முழுதாக அப்படி இல்லை என்று சொல்ல மாட்டேன். பசளை இல்லாமல் அந்தப் போகம் முழுவதும் மஞ்சளாகப் போயிருக்கும். அவருக்குச் சம்பளம் வந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் பரீதா ராத்தா மேசைக்கு முன்னால் நிற்கிறார். மூச்சு வாங்கியது. நஸீரின் ஆட்டோவில் வரவில்லை. பஸ்ஸில் வந்து பிரதான வீதியில் இருந்து நடந்திருக்கிறார்.

“மகள், என்ட பேர அழிச்சிரு.”

“ஆரும் வெருட்டினவையோ ராத்தா? பயப்பிடாம சொல்லுங்கோ.”

“ஒருத்தரும் வெருட்டல்ல. தர்மண்ணன் என்ட வீட்டுப் பக்கமே வரல்ல.”

“அப்ப ஏன்? பதினஞ்சு நிமிசத்தில நான் அனுப்பினா காசு உங்கட கணக்குக்கே வரும். ஆரிட்டயும் கை நீட்டத் தேவையில்லை.”

“எனக்கு இந்த வருசத்துப் பசளை வேணாம். வாற வருசத்து நெலம் வேணும்.”

நஸீர் கதவில் வந்து நின்றார்.

“ராத்தாக்குப் புத்தி பிசகிட்டு மிஸ், கேக்காதீங்க. ஒராள் அழிச்சா மற்றாக்களையும் அழிக்கச் சொல்லுவாங்கள்.”

“நீ ஒன்ட பேர வச்சிரு,” என்றார் ராத்தா, தம்பியைத் திரும்பியும் பார்க்காமல். “ஒனக்கு ஆட்டோ இரிக்கு. எனக்குக் கம்பு மட்டும்தான்.”

“கம்பு, கம்பு! நாளைக்கு அவன் நட மாட்டன் எண்டா?”

“அதுக்குத்தான் அழிக்கச் சொல்றன்.”

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நிதானமாக யோசியுங்கள். எனக்கு நிதானம் இருக்கவில்லை. எல்லாப் பெயரையும் அனுப்பலாம். சட்டப்படி அதுதான் சரி. எல்லாப் பெயரையும் அழிக்கலாம். ஆனால் நஸீர் ஆட்கள் கேட்காமல் அவர்களின் பெயரை நான் எப்படி அழிப்பது? பெரியவரைப்போல மூடும்வரை தேத்தண்ணி குடிக்கலாம். நான் செய்தது நாலாவது. ராத்தாவின் பெயர் ராத்தாவினுடையது, அவர் சொன்னபடி அதை அழித்தேன். மற்றவர்களின் பெயர் மற்றவர்களுடையது, அவர்கள் சொன்னபடி அதை அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்டது. இதைவிட நேர்மையாக என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன்.

அந்தப் போகம் நன்றாகத்தான் போனது. நஸீர் ஆட்களுக்குக் காசு கணக்குக்கே வந்தது. பரீதா ராத்தாவுக்குத் தர்மலிங்கம் தன் பங்கில் இருந்து பசளையை லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றி நேரத்துக்கே கொண்டுவந்து இறக்கினார். “இந்த முறை பிந்தேல்லை பாத்தியோ?” என்று கேட்டாராம். விதைக்கிறவருக்கே மானியம் போய்ச் சேர்ந்த நிலையம் என்று மேலிடத்தில் இருந்து எங்களுக்குப் பாராட்டும் வந்தது. வெட்டு முடிந்து கம்புகளைப் பிடுங்கினார்கள். நானே நின்று பார்த்தேன்.

அடுத்த கோடையும் குளம் வற்றியது.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து முன்னால் இருந்தார். மேல் வட்டைக்காரர் ஒரு பக்கம், கீழ் வட்டைக்காரர் மறுபக்கம். வழமையாக இந்தக் கூட்டம் பகிடியும் சத்தமுமாக இருக்கும். யாருக்கு எந்தத் துண்டு என்று இழுபறிப்படுவார்கள். அன்று காற்றாடி சுழல்கிற சத்தம் கேட்டது.

“மேல் வட்டையைப் பங்கு பிரிக்கிறதைப் பற்றி...” என்று பெரியவர் தொடங்கினார்.

தர்மலிங்கம் எழும்பினார். “இந்த முறை ஏலாது.”

அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

நஸீர்தான் முதலில் எழும்பினார். “சரி, பேர அழிக்கிறம்! எல்லாரும் அழிக்கிறம். மிஸ், இப்பயே அழிங்க!”

அழிக்க முடியாது. முடிந்த போகத்தின் பதிவில் கை வைக்க முடியாது என்று மேலிடத்தில் நான் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். எழும்பி அதைச் சொன்னேன். பிறகு, இது பசளைக்கு மட்டும்தான், காணிக்கு உரிமை தராது என்று நான் கையெழுத்து வைத்துக் கடிதம் தருகிறேன் என்றேன். அப்படி ஒரு கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரமே இல்லை. தர்மலிங்கத்துக்கும் அது தெரியும்.

“நீங்கள் நல்ல பிள்ளை,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். “நாளைக்கு நீங்கள் மாறிப் போவீங்கள். பதிஞ்ச பேர் மாறாது.”

கடைசி வாங்கில் இருந்து பரீதா ராத்தா எழும்பினார்.

“தர்மண்ணே. நான் பேர் குடுக்கல்லயே.”

அந்த மனிதர் அதுவரை எல்லாரையும் நேரே பார்த்துத்தான் கதைத்தார். இப்போது கீழே பார்த்தார்.

“தெரியும் பரீதா. நீ அண்டைக்கு நடந்து போனதும் தெரியும்.”

“அப்ப எனக்கு விடுங்களன். ஒரு மூலை போதும்.”

“உனக்கு மட்டும் விட்டா மற்றாக்களும் நாளைக்கு என்ர வரம்பில வந்து நிப்பினம். இவையள்,” தன் பக்கத்து ஆட்களைக் காட்டினார், “இவையள் என்னை விடமாட்டினம். பிரிச்சா எல்லாருக்கும் பிரிக்கவேணும். இல்லாட்டி ஒருத்தருக்கும் இல்லை. எங்கட முறை அதுதானே, உனக்குத் தெரியாததே?”

தெரியும். அந்த முறையைக் காப்பாற்றத்தான் ராத்தா பசளையை வேண்டாம் என்றவர். அவர் திரும்ப வாங்கில் இருந்துவிட்டார். நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவரவர் கேட்டதைக் கொடுத்தேன். அங்கே தனித்தனியாக ஒருவருமே இருக்கவில்லை என்பது எனக்கு அந்த மண்டபத்தில்தான் விளங்கியது.

பெரியவர் கூட்டக் குறிப்பில் ‘பங்கு பிரிக்கப்படவில்லை’ என்று எழுதினார். வெளியில் வந்ததும், “சேர், ஏதாவது சொல்லுங்கோ,” என்றேன். ஏசினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் கண்ணுக்கு மருந்து விடுகிற நேரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தர்மலிங்கம் அந்தக் கிழமையே ஒரு மூட்டை நெல்லை ராத்தா வீட்டுக்கு அனுப்பினார். போன வேகத்தில் அது திரும்பி வந்தது. கொண்டுபோன ஆளிடம் ராத்தா சொன்னது ஊர் முழுக்கத் தெரியும்: “நெல் கடையிலயும் இரிக்கு. நான் கேட்டது நெலம்.”

அங்கே அதற்குப் பிறகு கம்பு நடப்படவில்லை. குளக்கட்டில் மண் சுமக்கக் கீழ் வட்டைக்காரர் வருவதில்லை. மேல் வட்டைக்காரர் ஆளை வைத்துச் செய்கிறார்கள், அரைகுறையாக. கட்டு ஒருநாள் உடைந்தால் முதலில் மூழ்குவது கீழ் வட்டைதான். இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்தும் ஒருவரும் அசைகிறார்கள் இல்லை.

உங்களுக்கு நான் என்ன சொல்வது? சுற்றறிக்கையை மீறுங்கள் என்று சொல்ல மாட்டேன், மாட்டிக்கொள்வீர்கள். சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒருவரின் பெயரை இன்னொருவரின் காணியில் பதியப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் காணிக்காரரின் வீட்டுக்குப் போங்கள். கதிரை தந்தால் இருங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். விதைப்பு நேரத்தில் கேளுங்கள், செயலி மூடுகிற பின்னேரத்தில் இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரு இடத்தில் இருத்துங்கள். ‘மட்டும்’ என்ற சொல்லை மேலிடத்தில் இருந்து எழுத்தில் வாங்க முடியுமா என்று சண்டை பிடியுங்கள். கிடைக்காமலும் போகலாம். நான் அப்படிச் செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஆனால் நான் கேட்கவே இல்லை, அது நிச்சயம்.

பங்கு பிரிக்காத அந்தக் கோடையில் மேல் வட்டைக்கு வயல் பார்க்கப் போனேன். தர்மலிங்கத்தின் காணியில் விதைத்தவர் பெயர் தர்மலிங்கம். படம் எடுத்தேன். எந்தச் சிக்கலும் இல்லை. பழைய கம்பு நின்ற இடத்துக்கு அங்கால், ஒரு வரிசைப் பெண்கள் குனிந்து புல்லுப் பிடுங்கினார்கள். அதில் ஒரு முக்காடு எனக்குத் தெரிந்த முக்காடு. அதே துண்டில், கூலிக்கு.

நான் ஸ்கூட்டியைத் திருப்பப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்ட வயலையும் படம் எடுக்கணும்தானே மகள்? வா, போவம். நடந்து வந்தா எனக்குக் கூலி வெட்டுவாங்கள். ஏத்திட்டுப் போ.”

விதைக்காத வயலையும் படம் எடுக்கத்தான் வேண்டும். காணிக்காரர் அதில் நிற்கவும் வேண்டும். ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் ராத்தா என் தோளைப் பிடித்தபடி, புருஷனுக்கு இப்போது பேச்சும் குழறுகிறது என்றார். கீழ் வட்டை வெடித்துக் கிடந்தது. யாருடையவோ மாடுகள் நின்றன. ராத்தா ஒரு கட்டாக்காலி மாட்டை “ஹை, போ” என்று கலைத்துவிட்டு, தன் வயலுக்கு நடுவில் போய் நின்றார். வெடிப்புக்குள் கால் போகாமல் பார்த்து வைத்தார்.

பயிர் செய்யப்பட்டுள்ளதா என்று செயலி கேட்டது. இல்லை என்பதை அழுத்தினேன். அடுத்தது படம். போனைத் தூக்கினேன். வெயில் அவர் முகத்தில் நேரே விழுந்தது. நான் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அவர் கைச் சேற்றைப் பாவாடையில் துடைத்தார். முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு, பகிடியாகவா உண்மையாகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, கேட்டார்:

“சிரிக்கணுமா மகள்?”